ஜோடி விலை

— ஏழாயிரத்து எண்ணூறா? ஏ சியாமளா, கேட்டியா, ஔந்த் ஆஸ்பத்திரியில ஒருத்தி வாய் கூசாம ஏழாயிரத்து எண்ணூறுங்கா. நெஞ்சைப் படம் புடிக்கவா, கழட்டி மாட்டவா?

— போனை வச்சுட்டீங்களா, இல்ல அந்தப் பொண்ணு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காளா?

— கேக்கட்டும். "கேஷா, இன்சூரன்ஸா"ன்னா. கேஷ்னேன். அதுக்குத்தான் ஏழாயிரத்து எண்ணூறு. இன்சூரன்ஸ்னா எவ்வளவும்மான்னு சும்மா கேட்டு வச்சேன். பதினோராயிரமாம். அதே மெஷின், அதே நெஞ்சு. குடுக்கிறவன் வேற ஆளுன்னா மூவாயிரத்துச் சொச்சம் கூட.

— காலண்டருக்குப் பின்னாடி எழுதிட்டீங்களா?

— எழுதாம இருப்பானா அருணாச்சலம்? நீயே பாரு. நம்ம நிக்டி பெரிய ஆஸ்பத்திரி, ஆறாயிரத்து நானூறு. அதுக்கு எதுத்தாப்புல இருக்க சென்டர், மூவாயிரத்து அறுநூறு. நடுவுல இருக்கது ஒரு ரோடு. ரோட்டைத் தாண்டினா ரெண்டாயிரத்து எண்ணூறு மிச்சம். முப்பது வருஷமா இந்த மராத்தி ஊர்ல, பிம்ப்ரியில மிக்ஸி கிரைண்டர் வித்து ரிப்பேரும் பாக்குதேன், ஒரே சரக்கு இப்படி ரோட்டுக்கு ரோடு விலை மாறி நான் பாத்ததில்ல.

— அப்போ ரோட்டைத் தாண்டிட வேண்டியதுதானே.

— தாண்டினேம்லா. அங்கதான் இருக்கு சூது. "டாக்டர் சீட்டு உண்டா"ன்னான். உண்டுன்னேன். "எந்த டாக்டர்"ன்னான். பேரைச் சொன்னேன். "அப்போ ஐயாயிரம்"ங்கான்.

— டாக்டர் பேரைச் சொன்னா குறையத்தானே செய்யணும்?

— எப்படிக் குறையும்? நம்ம கடைக்கு ஆட்டோக்காரன் ஒருத்தன் கஸ்டமரைக் கூட்டிட்டு வந்தா, அவனுக்குன்னு ஒரு நூறு ரூபாயை நான் விலையில ஏத்த மாட்டேனா? அதே வித்தை. நான் கிரைண்டர்ல ஏத்துதேன், இவன் நெஞ்சுல ஏத்துதான்.

— நம்ம டாக்டர் அப்படி வாங்குற ஆள் இல்லங்க.

— அவர் வாங்குதாரோ இல்லையோ, இவன் அவர் பேரைச் சொல்லி வாங்குதான். இன்னொரு கூத்தைக் கேளு. ஔந்த்ல இருக்கது நூத்தி இருபத்தெட்டு ஸ்லைஸ் மெஷினாம். வானவடியில ஒரு சென்டர், அங்க முப்பத்திரெண்டுதானாம். அதான் அவன் நாலாயிரத்து இருநூறுங்கான்.

— ஸ்லைஸ்னா?

— எனக்கென்ன தெரியும்? நெஞ்சை ரொட்டி மாதிரி எத்தனை துண்டு போட்டுப் பாக்கானோ. கூடத் துண்டு போட்டா கூடக் காசு.

— உங்களுக்கு எத்தனை துண்டு போதும்?

— துண்டே போடாம சொன்னான்னா நல்லா இருக்கும்.

— அது கெடக்கட்டும். இன்னைக்கு எத்தனாவது நாள்னு அந்தக் காலண்டர்ல எழுதியிருக்கீங்களா?

— என்ன எத்தனாவது நாள்?

— எக்ஸ்ரேல வலது பக்கம் ஒரு புள்ளி தெரியுது, ரெண்டு நாளுக்குள்ள சிடி ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரே, அதுலேருந்து. நான் சொல்லுதேன். இருபத்திரெண்டு.

— அவசரப்பட்டு வியாபாரம் பண்ணினவன் எவன் உருப்பட்டான்? அது சரி, என்ன இது, வீடு பூராவும் தைல வாடை?

— என் தோள்பட்டைக்குத் தேச்சேன்.

— எப்பப் பாரு தைலம். மாவு வாளியைத் தூக்காதன்னா கேட்டாத்தானே. எதுத்த வீடு, கீழ் வீடு, எல்லா வீட்டு இட்லிக்கும் நீ அரைச்சுக் குடுத்தாகணுமோ?

— காசுக்குத்தானே குடுக்கேன். சும்மாவா குடுக்கேன்? சும்மாங்கவும் ஞாபகம் வருது. நேத்து கடையில ஒரு மராத்திக்காரம்மா அழுதாளாமே? கீழ் வீட்டு ரமா பாத்துட்டு வந்து சொன்னா.

— அவ மிக்ஸி மோட்டார் கருகிப் போச்சு. அவ அம்மா கல்யாணத்துக்குக் குடுத்ததாம். எவ்வளவு ஆகும் காகான்னு சித்தப்பா முறை வச்சுக் கேட்டா. பிரிச்சுப் பாத்தேன், உள்ள ஒண்ணுமில்ல. பைசா வேண்டாம்மா, எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். அவளுக்குப் புரிஞ்சு போச்சு. இருநூறு வாங்கிக்கோங்க காகா, ஐந்நூறு வாங்கிக்கோங்க, சும்மான்னு மட்டும் சொல்லாதீங்கன்னு நின்னா.

— வாங்கிட்டு எதையாவது முறுக்கி விட்டிருக்கலாம்லா. ரெண்டு நாள் ஓடியிருக்கும்.

— கேட்டியா, செத்த மோட்டாருக்கு அருணாச்சலம் காசு வாங்கினதில்ல. பிரிச்சுப் பாத்த கூலி கூடக் கிடையாது. உயிர் இருந்தாத்தான் பேரம். இல்லைன்னா சும்மா. பிம்ப்ரி மார்க்கெட்டுக்கே தெரியும்.

— தெரியும். நீங்க காசு வேண்டாம்னு சொன்னாலே ஜனங்க மூஞ்சி வெளுத்துப் போவுதுன்னு ரமா சொல்லுதா. சரி, என் மூஞ்சியைக் கொஞ்சம் பாருங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லாமலா விடப் போற?

— நீங்க விலை பாக்கல. பயப்படுதீங்க.

— யாரு, நானா?

— இருபத்திரெண்டு நாள்ல பதினாலு இடத்துல விலை கேட்டாச்சு. ஒரு இடத்துல போய் உக்காரல. மகாபலேஷ்வர்ல கூட ஒரு இடத்துல கேட்டீங்களே. நெஞ்சைத் தூக்கிட்டு மலை ஏறுவீங்களா?

— எங்க அண்ணன் சங்கரன்கோவில்ல சைக்கிள் மிதிச்சுப் போயி அந்த மெஷின்ல படுத்தான். நீயும்தானே இருந்த. படுக்கிற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் கிடையாது. எந்திரிச்சு வந்தான், நாலு மாசம்தான் இருந்தான்.

— அது வேற.

— விலை கேக்குற வரைக்கும் சரக்கு நம்முது இல்ல சியாமளா. கையில வாங்கிட்டாத்தான் நம்ம தலையில விடியும். கேட்டுக்கிட்டே இருந்துட்டா என்னங்கேன்?

— போன் அடிக்குது. எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— வானவடி நம்பரு. ஹலோ?

— ஹலோ, அருணாச்சலம் அங்கிளா? நான் மேரி பேசுறேன், வானவடி ஸ்கேன் சென்டர். முந்தாநாள் ரேட் கேட்டீங்கள்ல?

— நாலாயிரத்து இருநூறுன்னு சொன்ன பொண்ணுதானே? உன் ஹிந்தியைக் கேட்டுத் தமிழ்ப் பொண்ணுன்னு கண்டுபிடிச்சேன். காட்கி ஃபேக்டரி லைன்ல பொறந்தேன்னு சொன்ன. அப்படியும் பத்து ரூபா குறைக்க மாட்டேன்னுட்ட.

— அதுக்குத்தான் போன் பண்ணேன் அங்கிள். நாளைக்கு எங்ககிட்ட ஒரு ஆஃபர் இருக்கு. ஜோடி ஆஃபர். மத்லப், அதாவது, ஹஸ்பண்ட் ஒய்ஃப் சேந்து வந்தா ரெண்டு பேருக்கும் சேத்து நாலாயிரத்து எழுநூறு.

— ரெண்டு பேருக்குமா? அப்போ ரெண்டாவது நெஞ்சு ஐந்நூறு ரூபாயா?

— அப்படித்தான் அங்கிள்.

— அப்போ தலைக்கு ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது. என் பெண்டாட்டிக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா. நான் மட்டும் வந்து என் பாதியைக் குடுத்துட்டுப் போறேன்.

— ஜோடியா வந்தாத்தான் அங்கிள். நாளைக்கு மட்டும்தான். ஆண்டிக்கும் டாக்டர் சீட்டு வேணும். ரெண்டு பேரும் வெறும் வயித்துல வாங்க. பேர் எழுதிக்கவா?

— ஒரு நிமிஷம் இரு. ஏ சியாமளா, கேட்டியா. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு முழு ஸ்கேன்.

— எனக்கு எதுக்கு? நான் இருமுறேனா?

— அந்தத் தோள்பட்டையைச் சொல்லி நம்ம டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிடலாம். ஐந்நூறு ரூபாய்க்கு இன்னைக்கு ஒரு மிக்ஸி ஜார் வருமா? ஔந்த் விலைக்குப் பாத்தா ஏழாயிரத்து முந்நூறு லாபம்.

— வேண்டாத சாமானை வாங்கிட்டு லாபங்கீங்க.

— வேண்டாம்னு நினைச்ச சாமான்தான் வீட்டுல உழைக்கும். என்ன சொல்லுத?

— நீங்க முதல்ல படுப்பீங்கன்னா நான் வாரேன்.

— இவ என்கிட்டயே பேரம் பேசுதா பாரு. சரி, படுக்கேன். மேரி, பேரை எழுதிக்கோ. ரெண்டு பேரு. வெறும் வயிறுதானே, காலைச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

*

— அங்கிளை உள்ள படுக்க வச்சாச்சு ஆண்டி. படுத்துக்கிட்டே, இந்த மெஷின் கரண்ட் எவ்வளவு இழுக்கும், சர்வீஸ் யாரு பண்றாங்கன்னு கேக்குறாரு.

— கேப்பாரு. பயந்தாத்தான் மெஷினைப் பத்திக் கேப்பாரு. ஏன் மேரி, அவருக்குச் சந்தேகம் எதுவும் வரலையே?

— நஹி ஆண்டி. அவர் கையில நாலாயிரத்து எழுநூறுக்குத்தான் ரசீது. நீங்க நேத்துக் காலையில போன்ல அனுப்பின மூவாயிரத்து எழுநூறுக்கு ரசீது தனியா என் டிராயர்ல இருக்கு. எங்க சார்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு.

— சிரிக்கட்டும். இனிமே நிஜமாவே ஜோடி ஆஃபர் போடச் சொல்லு. நிக்டியிலேருந்து எத்தனை பேர் கிளம்பி வாராங்கன்னு பாரு.

— நேரா வாங்கன்னு கூப்பிட்டா அங்கிள் வந்திருக்க மாட்டாரா?

— சும்மா எடுக்கேன்னு நீ சொல்லியிருந்தாக் கூட வந்திருக்க மாட்டாரு. அவரை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னா, அங்க ஒருத்தன் ஏமாறக் காத்திருக்கணும். நேத்து உன்னை ஏமாத்திட்டதா நினைச்சு ராத்திரி நல்லா தூங்கினாரு. இருபத்திரெண்டு நாளைக்கு அப்புறம்.

— உங்க சொந்தக் காசா ஆண்டி அது?

— மாவு அரைச்ச காசு. அவர் கிரைண்டர், அவர் கரண்டு, என் தோள்பட்டை. அதனால மூணுல ஒரு பங்குதான் என்னுதுன்னு வச்சுக்கோயேன்.

— ஆண்டி, ஒரு விஷயம் சொல்லவா? பில் போட்டாச்சு, அதனால பைசா திரும்ப வராது. ஆனா நீங்க எடுத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. கவுனைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க, அஞ்சு நிமிஷம் உக்காருங்க, வெளிய வந்துடுங்க. அங்கிளுக்கு என்ன தெரியும்? தேவையில்லாம ரேடியேஷன் எதுக்கு?

— நீ நல்ல பொண்ணு மேரி. ஆனா கணக்கு தெரியாத பொண்ணு.

— ஏன் ஆண்டி?

— மூவாயிரத்து எழுநூறு குடுத்தாச்சு. காசைக் குடுத்துட்டு சரக்கைக் கவுண்டர்லயே விட்டுட்டு வந்தா எனக்கு இந்த ஜென்மத்துல தூக்கம் வராது. எத்தனை ரொட்டித் துண்டு அது, முப்பத்திரெண்டா? முப்பத்திரெண்டையும் எண்ணி வாங்கிட்டுத்தான் எந்திரிப்பேன்.

— முப்பத்திரெண்டுன்னா அப்படி இல்ல ஆண்டி.

— எப்படியோ இருக்கட்டும். டாக்டரும் இந்தத் தோளை ஒரு அழுத்து அழுத்திப் பாத்துட்டு, தாராளமா எடுங்கன்னு உடனே சீட்டு எழுதிட்டாரு. நம்ம அரைக்கிற மாவு அவர் வீட்டுக்கும் போவுதுலா, அந்த மரியாதை. அது கெடக்கட்டும். நீ எனக்கு ஒரு காரியம் செய்யணும்.

— சொல்லுங்க ஆண்டி.

— ரிப்போர்ட் வந்ததும், நல்லதோ கெட்டதோ, அவர்கிட்ட நேரா போயிடாத. முதல்ல என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லு. அவர் அண்ணன் விஷயத்தையே அவர் இன்னும் தாங்கல. நான் தாங்கிப்பேன். நான் எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லிக்கிடுவேன்.

— பக்கா ஆண்டி. முதல்ல உங்ககிட்டதான். டென்ஷன் நகோ, கவலைப்படாதீங்க. அதோ, அங்கிள் வர்றாரு. நீங்க உள்ள போங்க.

— என்னங்க, முடிஞ்சுதா? முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கீங்க?

— ஒண்ணும் செய்யலடி. மூச்சைப் புடிங்கான், விடுங்கான். முடிஞ்சுட்டு. இதுக்கா ஏழாயிரத்து எண்ணூறு? நம்ம கடையில கிரைண்டருக்குக் கல்லு மாத்தவே இதைவிட நேரம் ஆவும். போ, போ, நம்ம ஐந்நூறு ரூபாயை வசூல் பண்ணிட்டு வா.

*

— ரெண்டு மணி நேரம் ஆச்சு சியாமளா. நமக்குப் பின்னாடி வந்தவன்லாம் கவரை வாங்கிட்டுப் போயிட்டான். ஆஃபர்ல வந்தவங்களைக் கடைசியாத்தான் பாப்பானோ?

— வரும். சும்மா உக்காருங்க. காலை ஆட்டாதீங்க.

— நான் எங்க ஆட்டுதேன்? பெஞ்சு ஆடுது. அந்தா மேரி வாரா. கையில ஒரு கவர்தான் இருக்கு.

— ஏன் மேரி, என்கிட்ட முதல்ல சொல்லுதேன்னியே. அப்படி ஓரமா வாரேன், இரு.

— என்னத்தை ஓரமா? நெஞ்சு என்னுது. இங்கனயே சொல்லும்மா.

— அங்கிள், உங்க ரிப்போர்ட் நல்லா இருக்கு. அந்தப் புள்ளி பழைய தழும்பாம். சின்ன வயசுல எப்பவோ சளி கட்டி, தானா ஆறிப் போன தடம். வேற ஒண்ணுமே இல்லன்னு படம் பாக்கிற டாக்டர் மேடம் சொல்லிட்டாங்க. இருமலுக்கு மாத்திரை போதும்.

— தழும்பா?

— தழும்புதான் அங்கிள்.

— திருப்பிச் சொல்லு.

— தழும்பு, அங்கிள். ஆறிப் போன தழும்பு.

— ஏ சியாமளா, கேட்டியா. வெறும் தழும்பு. ஒரு தழும்புக்காக இருபத்திரெண்டு நாள் என்னைத் தூங்க விடாம அடிச்சுட்டான் பாரு. ஏன் அழுத? ஜனங்க பாக்காங்க.

— நான் எங்க அழுதேன்? நீங்கதான் என் சேலைத் தலைப்பால கண்ணைத் தொடைக்கீங்க.

— உன் தலைப்பா இது? சரி, எந்திரி. கீழ கேண்டீன்ல மிசல் வாசனை இங்க வரைக்கும் வருது. இன்னைக்கு விலை கேக்காம வாங்கித் தாரேன். ரெண்டு தட்டு. மேரி, உனக்கும் ஒண்ணு.

— விலை கேக்காமலா? மேரி, இவரை இன்னொரு தடவை உள்ள படுக்க வச்சுப் பாரு, தலையில எதுவும் இருக்கான்னு.

— அங்கிள், ஒரு நிமிஷம். ஆண்டி இன்னும் ஒண்ணும் சாப்பிடலல்ல?

— பச்சைத் தண்ணி படல. அதான் கூட்டிட்டுப் போறேன்.

— இப்ப சாப்பிட வேணாம் அங்கிள். மேடம் இன்னொரு தடவை உள்ள கூப்பிடுறாங்க. ஊசியில மருந்து ஏத்தி ஒரு படம் எடுக்கணுமாம்.

— எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னுட்டியே?

— உங்களுக்கு இல்ல அங்கிள். ஆண்டிக்கு.

— எனக்கா? மேரி, நீ என்னையும் அவரையும் மாத்திச் சொல்லுத.

— மாத்தல ஆண்டி. நான் ரெண்டு தடவை பேரைப் பாத்துட்டுத்தான் வந்தேன். இடது பக்கம், மேல, தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கமா என்னமோ தெரியுதாம். உங்ககிட்ட எவ்வளவு நாளா வலின்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.

— ஆறு மாசம். மாவு வாளி தூக்குறதுதான். அதைச் சொல்லு மேடம்கிட்ட. வாளி ரொம்பக் கனம்னு சொல்லு.

— ஆ, இப்பப் புரியுது. நானும் வியாபாரிதான் மேரி. ஜோடின்னு கூப்பிட்டு உள்ள உக்கார வச்சுட்டு, ஊசி, மருந்துன்னு ஒவ்வொண்ணா ஏத்துறது. மலிவு விலையில மிக்ஸியைக் குடுத்துட்டு ஜார்ல புடிக்கிற வித்தை. இதை நான் பண்ணாததா? சரி, ஊசிக்கு எவ்வளவு?

— அங்கிள், அது வந்து...

— ஔந்த்ல ஊசி ஏத்தினா தனியா ஆறாயிரம்னான். நீ அதைச் சொல்லாத. நான் மூவாயிரத்துக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்.

— அங்கிள், கேளுங்க.

— சரி, மூவாயிரத்து ஐந்நூறு. தமிழ்ப் பொண்ணாப் போயிட்ட. அதுக்கு மேல பேசாத.

— பைசா வேணாம் அங்கிள்.

— என்ன?

— மேடமே சொல்லிட்டாங்க. ஆண்டிக்கு இனிமே எடுக்கிற எதுக்கும் ஒரு ரூபா வாங்கக் கூடாதுன்னு. பில்லே போட வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. சும்மாதான்.

— கேட்டீங்களா? சும்மாவாம். இதுக்குப் போய் ஏன் இப்படி நிக்கீங்க? காசு வேண்டாம்னுதானே அந்தப் பொண்ணு சொல்லுதா. ஏங்க, உங்களைத்தான். என் கையை விடுங்க, வலிக்குது.

— மேரி, தாயி, நான் பேரம் பேசல. ஏழாயிரத்து எண்ணூறு வாங்கிக்கோ. பதினோராயிரம்னு பில்லு போடு. எவ்வளவு வேணும்னாலும் கேளு, சும்மான்னு மட்டும் சொல்லாத.